மட்டக்களப்பையும் அம்பாறையையும் ஒட்டி ஓர் எண்: 3000032000-ஐ உடைப்பது எப்படி?

மட்டக்களப்பின் தபால் குறியீடு 30000, அம்பாறையுடையது 32000. இரண்டையும் ஒட்டி எழுதினால் 3000032000, அதாவது முந்நூறு கோடியே முப்பத்திரண்டாயிரம். கடைகளில் இருக்கும் 8 இலக்கக் கல்குலேட்டரில் இது அடங்காது. பரவாயில்லை, பேனாவும் கொப்பியும் போதும். இதை முதன்மை எண்களின் பெருக்கமாகப் பிரித்துவிட்டால் மற்ற இயல்புகள் தானாக வரும்.

படி 1: பூச்சியங்களைக் கழற்றுங்கள். கடைசியில் மூன்று பூச்சியம், ஆகவே 1000 ஒரு காரணி. அது 2³ × 5³. மிச்சம் 3000032.

படி 2: இரண்டால் வகுத்துக்கொண்டே போங்கள். 1500016, 750008, 375004, 187502, 93751. ஐந்து தடவை வகுபட்டு, ஒற்றை எண்ணில் நிற்கிறது. இதுவரை 2⁸ × 5³ கையில் இருக்கிறது.

படி 3: இனித்தான் உண்மையான வேலை. 93751-இன் இலக்கங்களைக் கூட்டினால் 25, எனவே 3 ஆகாது. கடைசி இலக்கம் 1, எனவே 5-உம் ஆகாது. அடுத்து 7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில் பார்க்கலாம். 7 × 11 × 13 = 1001. நமது எண்ணை 93 × 1000 + 751 என்று பாருங்கள். அதிலிருந்து 93 × 1001-ஐக் கழித்தால் மிச்சம் 751 − 93 = 658. மூன்றில் எது 658-ஐ வகுக்கிறதோ அதுவே 93751-ஐயும் வகுக்கும். 658 = 7 × 94. எனவே 7 சரி, 11-உம் 13-உம் இல்லை.

93751 ÷ 7 = 13393. இதில் 7 மறுபடி போகாது. அப்புறம் 17, 19, 23 என்று பொறுமையாக ஏற வேண்டியதுதான், இதற்குக் குறுக்குவழி கிடையாது. 31 ஆசை காட்டும், மீதி 1 விழும். 37 இன்னும் மோசம், ஒன்றே ஒன்று குறையும். 59-இல்தான் அகப்படுகிறது: 59 × 227. 227-இன் வர்க்கமூலம் 16-ஐ விடச் சிறியது, ஆகவே 13 வரை சோதித்தால் போதும். எதுவும் வகுக்கவில்லை, அதனால் அது முதன்மை எண்.

3000032000 = 2⁸ × 5³ × 7 × 59 × 227

படி 4: காரணிகளை எண்ணுங்கள். ஒரு காரணியில் 2 பூச்சியம் தடவை முதல் எட்டுத் தடவை வரை வரலாம், அது 9 வழி. 5-க்கு 4 வழி, மற்ற மூன்றுக்கும் இரண்டிரண்டு. 9 × 4 × 2 × 2 × 2 = 288 காரணிகள்.

படி 5: இது நிறைவர்க்கமா? இல்லை, 2-இன் சுட்டி மட்டுமே இரட்டை. குறைகிற 5 × 7 × 59 × 227 = 468755-ஆல் பெருக்கினால் 37500400-இன் வர்க்கம் கிடைக்கும்.

பயிற்சிக்கு அம்பாறையை முன்னுக்கு வையுங்கள்: 3200030000. நான்கு பூச்சியம் கழன்றதும் 320003 நிற்கும். 1001 வித்தை இங்கே பலிக்காது, 97 வரை ஏற வேண்டும். மொத்தம் 100 காரணிகள் வந்தால் உங்கள் கணக்குச் சரி.