கொள்ளு மாவில் ஒரு பயோசென்சர்: கிணற்று நீரில் கன உலோகம் தேடுவது எப்படி?

பச்சைக் கொள்ளை மாவாக்கித் தண்ணீரில் கரைத்தால் யூரியேஸ் என்ற நொதி அதில் இறங்கும். யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குவதுதான் அதன் வேலை. பாதரசமோ வெள்ளியோ செம்போ கலந்த நீரில் அந்த நொதி சோர்ந்துவிடும், சில சமயம் அடியோடு படுத்துவிடும். அந்தச் சோர்வைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்ய முடிந்தால் அதுவே ஒரு பயோசென்சர்.

பயோசென்சர் என்றதும் பலருக்குச் சர்க்கரை அளக்கும் கருவி நினைவுக்கு வரும். 1962இல் லேலண்ட் கிளார்க் முன்வைத்த நொதி மின்முனைதான் அதற்கு மூதாதை. அங்கே நொதி உணர்கிறது, மின்முனை சொல்கிறது. நம் கருவியில் கொள்ளு உணரும், ஃபீனால் ரெட் என்ற நிறங்காட்டி சொல்லும். அம்மோனியா சேரச் சேர நீர் காரமாகி, மஞ்சள் நிறம் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறினால் நொதி நலமாக இருக்கிறது. மாறத் தாமதமானால் எதுவோ அதை முடக்குகிறது.

ஏன் முடக்குகிறது? யூரியேஸின் வினை நடக்கும் இடத்தருகே கந்தகம் தாங்கிய சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. கன உலோகங்கள் அந்தக் கந்தகத்தைப் பற்றிக்கொண்டால் யூரியாவுக்கு வழி அடைபடும். பாதரசமும் வெள்ளியும் இதில் முதலிடம், அடுத்துச் செம்பு. நிக்கல், காட்மியம், துத்தநாகம் அதற்குப் பின்னே வரும். காரீயம் வரிசையின் கடைசிப் பக்கம். ஆர்செனிக் இருக்கிறதா என்று பார்க்க இந்த முறையை நம்பவே வேண்டாம்.

இந்திய குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, ஒரு லிட்டரில் பாதரசம் 0.001 மில்லிகிராமுக்கும் காட்மியம் 0.003 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது என்கிறது. வீட்டில் செய்யும் கொள்ளுச் சாறு அவ்வளவு நுண்ணிய அளவை எட்டாது. ஆகவே இந்தச் சோதனை “சந்தேகப்படு” என்று சொல்லலாம். “குடிக்கலாம்” என்று அது ஒருநாளும் சொல்லாது. சோதனைக்குழாய் அழகாகச் சிவந்துவிட்டது என்பதற்காகக் குழந்தைக்கு அந்தத் தண்ணீரைக் கொடுத்துவிடாதீர்கள்.

படி 1: பொருள்கள்

வறுக்காத கொள்ளு 50 கிராம் போதும். வறுத்தால் சூட்டில் நொதி அழிந்துவிடும். கொள்ளு கிடைக்காவிட்டால் பச்சைச் சோயா பீன்ஸ் எடுக்கலாம். மீல்மேக்கர் வேண்டாம், அது ஏற்கெனவே வெந்தது. ஜேம்ஸ் சம்னர் 1926இல் யூரியேஸைப் படிகமாக்கிக் காட்டியது வாளவரை இனத்து விதையிலிருந்துதான். முதன்முதலில் படிகமாக்கப்பட்ட நொதி அதுவே. 1946இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பயறு வகைகள் இந்தத் துறைக்குப் புதியவை அல்ல.

யூரியாவை ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் வாங்குங்கள். உரக்கடை யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கும், கரைசல் கலங்கும். ஃபீனால் ரெட் கரைசலும் அதே கடையில் கிடைக்கும். சோதனைக்குழாய்கள், சிரிஞ்சுகள், கையுறை, நகை எடை பார்க்கும் சிறு தராசு, கொஞ்சம் மயில்துத்தம் (செம்பு சல்பேட்) வேண்டும். கரைசல் தயாரிக்கக் குழாய்த் தண்ணீர் கூடாது. பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் ஒரு கேன் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறங்காட்டிக்குச் சங்குப்பூவோ சிவப்பு முட்டைக்கோஸோ போதாதா என்று கேட்பார்கள். அமிலம், காரம் காட்ட அவை அருமையானவை. ஆனால் அவற்றின் நிறமியோடு உலோகங்களே நேரடியாகச் சேர்ந்து நிறத்தை மாற்றும். நாம் தேடும் பொருளே நம்மை ஏமாற்றிவிடும்.

படி 2: கொள்ளுச் சாறு

கொள்ளை மிக்ஸியில் விட்டுவிட்டு அரையுங்கள், ஜார் சூடேறக் கூடாது. 5 கிராம் மாவை 100 மில்லி வடிநீரில் கால் மணி நேரம் கலக்கி, துணியில் வடித்து, பிறகு வடிதாளில் வடியுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து அன்றைக்கே பயன்படுத்துங்கள். கொஞ்சத்தைத் தனியே எடுத்துப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். நொதி செத்த அந்தச் சாறு பின்னால் தேவைப்படும். 3 கிராம் யூரியாவை 100 மில்லி வடிநீரில் கரைத்து வையுங்கள்.

படி 3: சாற்றை நீர்க்கச் செய்தல்

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். சாறு கெட்டியாக இருந்தால் நொதி ஏராளமாக இருக்கும். உலோகம் பாதி நொதியை முடக்கினாலும் மீதிப் பாதி சில நொடிகளில் நிறத்தை மாற்றிவிடும். போதாக்குறைக்குக் கொள்ளின் மற்றப் புரதங்களும் உலோகத்தை விழுங்கிவிடும். கெட்டிச் சாறு எந்த நஞ்சையும் காணாது.

5 மில்லி வடிநீரில் 1 மில்லி சாறு, 2 சொட்டு ஃபீனால் ரெட், 1 மில்லி யூரியாக் கரைசல் விட்டு நேரம் பாருங்கள். சட்டென்று சிவந்தால் சாற்றை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று நீர்க்கச் செய்யுங்கள். நிறம் மாற ஐந்து முதல் பத்து நிமிடம் எடுக்கும் பதம் வரும்வரை விடாதீர்கள். கொள்ளுக்குக் கொள்ளு பதம் வேறுபடும் என்பதால் யார் சொன்ன கணக்கும் உங்களுக்கு உதவாது.

படி 4: தெரிந்த நஞ்சில் சோதனை

3.9 கிராம் மயில்துத்தத்தை ஒரு லிட்டர் வடிநீரில் கரைத்தால் அதில் ஏறக்குறைய 1000 மில்லிகிராம் செம்பு இருக்கும். அதில் 1 மில்லி எடுத்து 9 மில்லி வடிநீர் சேர்த்தால் லிட்டருக்கு 100 என்ற அளவு வரும். இப்படியே பத்துப் பத்தாகக் குறைத்து 10, 1, 0.1 ஆகிய மூன்றையும் தயாரியுங்கள்.

ஒவ்வொன்றிலும் 5 மில்லியோடு, பதம் கண்ட சாற்றில் 1 மில்லி கலந்து அரை மணி நேரம் காத்திருங்கள். உலோகம் நொதியைப் பற்ற அவகாசம் வேண்டும். யூரியாவை முதலிலேயே ஊற்றிவிட்டால் பந்தயம் தலைகீழாகிவிடும். பிறகு நிறங்காட்டி, யூரியா, கடிகாரம். எந்த அளவுக்குக் கீழே உங்கள் கருவிக்குக் கண் தெரியவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாதரச உப்பையோ காட்மிய உப்பையோ வீட்டில் தொடவே வேண்டாம். மயில்துத்தமும் விஷம்தான். கழிவை ஒரு கேனில் சேர்த்து மூடி வையுங்கள், வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்றாதீர்கள்.

படி 5: கிணற்று நீர்

பிளாஸ்டிக் பாட்டிலில் நீர் எடுங்கள். செம்புக் குடத்திலோ பித்தளைச் சொம்பிலோ எடுத்தால் பாத்திரத்தின் செம்பைத்தான் அளப்பீர்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரென்றால் ஓர் இரவு திறந்து வையுங்கள், குளோரினும் நொதியைக் கெடுக்கும்.

நான்கு சோதனைக்குழாய்கள் வேண்டும். முதலாவதில் வடிநீரும் சாறும். இரண்டாவதில் கிணற்று நீரும் சாறும். மூன்றாவதில் கிணற்று நீரும் கொதித்த சாறும். நான்காவதில், ஒப்பிட்டுப் பார்க்க, லிட்டருக்கு 10 மில்லிகிராம் செம்புக் கரைசலும் சாறும். அரை மணி நேரம் கழித்து எல்லாவற்றிலும் ஃபீனால் ரெட் விடுங்கள். ஏதாவது தொடக்கத்திலேயே சிவந்தால் நீர்த்த வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டு மஞ்சளுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஒரே வேகத்தில் யூரியா.

முதல் குழாய் சிவந்து, இரண்டாவது மிகவும் தாமதித்தால் உடனே பதறாதீர்கள். நம் ஊர்க் கிணறுகள் பலவற்றில் உப்புத்தன்மையும் பைகார்பனேட்டும் அதிகம். அந்த நீர் காரமாக மாறவே அடம்பிடிக்கும். நொதி நன்றாக உழைத்தும் நிறம் தாமதிக்கலாம். இதைப் பிரித்தறியத்தான் கொதித்த சாறு. மூன்றாவது குழாயில் மிக நீர்த்த சலவைச் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சிவக்க எத்தனை சொட்டு ஆகிறது என்று எண்ணுங்கள். வடிநீரோடு கொதித்த சாறு கலந்த இன்னொரு குழாயிலும் அதையே செய்யுங்கள். கிணற்று நீருக்குப் பல மடங்கு சொட்டு தேவைப்பட்டால் தாமதத்துக்குக் காரணம் நீரின் தன்மையாக இருக்கலாம். சொட்டுக் கணக்கு ஏறக்குறைய ஒன்றாயிருந்தும் இரண்டாவது குழாய் தாமதித்தால் சந்தேகம் வலுக்கிறது. மூன்று முறை திரும்பச் செய்யுங்கள். வேறு நாளில், புதுச் சாற்றில் இன்னொரு முறை.

படி 6: ஆய்வகத்துக்கு

இந்தச் சோதனை எந்த உலோகம் என்று சொல்லாது. பூச்சிமருந்தோ வேறு வேதிப்பொருளோகூட நொதியை முடக்கியிருக்கலாம். தமிழ்நாட்டில் குடிநீர் வடிகால் வாரியத்தின் நீர்ப் பரிசோதனை ஆய்வகங்கள் மாவட்டங்களில் உள்ளன. போவதற்கு முன், உலோகச் சோதனைக்கு எந்தப் பாட்டிலில் எவ்வளவு நீர் வேண்டும் என்று கேளுங்கள். உலோகம் பாட்டிலின் சுவரில் ஒட்டாமலிருக்க அந்த மாதிரியில் நைட்ரிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். அதை ஆய்வகத்தார் பார்த்துக்கொள்வார்கள். அமிலம் விட்ட நீரில் கொள்ளுச் சோதனை செய்ய முடியாது என்பதால் ஒரே நேரத்தில் இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். கிணறு இருக்கும் இடம், நாள், நேரம், கடைசியாக மழை பெய்தது எப்போது, இரண்டாவது குழாய் எத்தனை நிமிடம் தாமதித்தது, எல்லாவற்றையும் எழுதி ஒட்டி அனுப்புங்கள். முடிவு வரும்வரை அந்தக் கிணற்று நீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம்.