நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா? கல்ச்சருக்கு அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை

"நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கு, ஊசியால எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்" என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் யாருக்கும் கை கால் ஓடாது. அந்த நீரில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்தான் கல்ச்சர். அந்த நீரை லேபில் பார்க்கும் வேலை என்னுடையது. சாம்பிள் எடுத்த விதமும் அனுப்பிய விதமும் சரியில்லாததால் கிருமி பிடிபடாமல் போனால் மனசு கேட்பதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆன்டிபயாடிக் ஏற்கனவே ஏறிக்கொண்டிருந்தால் எது, எந்தத் தேதியிலிருந்து என்பதையும் லேப் சீட்டில் எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் மருந்து உள்ளே போன பிறகு எடுக்கும் நீரில் கிருமி வளராமல் போகலாம். அதற்காக நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து.

நோயாளியை உட்கார வைத்து, மேஜை மேல் தலையணை போட்டு முன்பக்கம் சாயச் சொல்வார்கள். ஸ்கேனில் இடம் பார்த்து, மரத்துப்போக ஊசி போட்டு, விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி ஊசியை இறக்குவார்கள். ஏனென்றால் கீழ் விளிம்பை ஒட்டி ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. அசையக் கூடாது, இருமல் வருவது போலிருந்தால் உடனே சொல்லிவிட வேண்டும்.

எடுத்த நீர் எந்தெந்த பாட்டிலில் போகிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. வெறும் டப்பாவில் மட்டும் அனுப்பாமல், படுக்கைப் பக்கத்திலேயே, கிருமி வளரும் திரவம் உள்ள பிளட் கல்ச்சர் பாட்டில்களிலும் கொஞ்சம் செலுத்தினால் கிருமி கிடைக்கும் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. ஒரு பாட்டில் காற்றில் வளரும் கிருமிக்கு, இன்னொன்று காற்று பட்டால் செத்துவிடும் கிருமிக்கு. "கல்ச்சர் பாட்டில்லயும் போடுவீங்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். கிராம் ஸ்டெய்னுக்கு (சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் கிருமியைப் பார்ப்பது) தனியாக, செல் எண்ணிக்கைக்கு உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ டியூபில், புரதம், சர்க்கரை, எல்டிஹெச் என்ற என்சைம் பார்க்க இன்னொன்று என்று மீதியைப் பிரிப்பார்கள். பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு) பார்ப்பதென்றால், உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து உள்ள சிரிஞ்சில் காற்றுக் குமிழி இல்லாமல் உடனே போக வேண்டும். வந்தது சீழ் என்றால் பிஹெச் தேவையே இல்லை, சீழே பதில் சொல்லிவிடுகிறது. அதே சமயம் கையில் ரத்தமும் எடுப்பார்கள், நீரிலும் ரத்தத்திலும் உள்ள புரதத்தை ஒப்பிட்டுப் பார்க்க.

சாம்பிளை உங்கள் கையில் கொடுத்து லேபுக்குக் கொண்டுபோகச் சொன்னால், வழியில் டீ குடிக்க நிற்காமல் நேராகப் போங்கள். கல்ச்சர் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. லேபிளில் பெயர் சரியாக இருக்கிறதா, எந்தப் பக்கம் எடுத்தது என்று எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ரிப்போர்ட். கிராம் ஸ்டெய்ன் பெரும்பாலும் அன்றைக்கே வந்துவிடும். கல்ச்சரில் முதல் தகவல் ஓரிரு நாளில் வரலாம், பாட்டில்களை 5 நாள் வரை வைத்துப் பார்ப்போம். பிஹெச் 7.2க்குக் கீழே இருந்தாலோ சர்க்கரை மிகவும் குறைந்திருந்தாலோ, கல்ச்சருக்குக் காத்திராமல் நீரை வடிக்க டியூப் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லலாம். "கிருமி வளரவில்லை" என்று வந்தால் தொற்றே இல்லை என்று அர்த்தம் இல்லை, உண்மையான தொற்றிலும் பலருக்குக் கல்ச்சர் அப்படித்தான் வருகிறது. நம் ஊரில் டிபி சந்தேகமும் சேர்ந்தே வரும். அதற்கு ஏடிஏ (நீரில் ஒரு என்சைமின் அளவைப் பார்ப்பது), சிபிநாட் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடுவது) டெஸ்ட் எல்லாம் தனியாக எழுத வேண்டும், டிபி கல்ச்சருக்கு 6 வாரம் கூட ஆகும்.

ஊசி எடுத்த பிறகு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். கல்ச்சர் முடியும் முன்பே டிஸ்சார்ஜ் ஆகிவிட்டால் லேப் ரசீதைப் பத்திரமாக வைத்திருந்து, இறுதி ரிப்போர்ட்டை வாங்கிப் போய்க் காட்டுங்கள், எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்பது அதில்தான் இருக்கும்.