மணிக்கு ஒரு எண், நிமிடத்துக்கு வேறு எண்: கொரிய மொழியில் எண்ணுவது எப்படி?

கொரிய மொழியில் எண்கள் இரண்டு வகை. ஹானா, தூல், செத், நெத் என்பவை நாட்டு எண்கள். இல், இ, சாம், சா என்பவை சீனத்திலிருந்து வந்தவை.

இரண்டையும் பழக கடிகாரத்தைப் பாருங்கள். 3.20 என்றால் 'சே ஷி இஷிப் புன்'. மணிக்கு நாட்டு எண், நிமிடத்துக்குச் சீன எண். செத் இங்கே 'சே' என்று குறுகிவிட்டதைக் கவனித்தீர்களா? பின்னால் மணி, கோப்பை போன்ற அளவுச்சொல் (இங்கே 'ஷி') வந்தால் முதல் நான்கு எண்களும் ஹான், து, சே, நே ஆகிவிடும். கடையில் இரண்டு காபி கேட்க 'கொப்பி து ஜான் ஜுசேயோ' (காபி இரண்டு கோப்பை கொடுங்கள்) போதும்.

'இஷிப்' என்பது இரண்டு-பத்து. நம் இருபது போலத்தான். அதனால் சீன எண்களில் பத்து வரை தெரிந்தால் 99 வரை நீங்களே கட்டிக்கொள்ளலாம். தேதி, விலை, தொலைபேசி எண் எல்லாம் இதில்தான்.

விலையில் மட்டும் நிதானம் தேவை. அவர்கள் பெரிய எண்களைப் பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணுகிறார்கள்; அதன் பெயர் 'மான்'. 35,000 வொன் என்பதை 'சாம்மான் ஓச்சொன்' என்பார்கள், அதாவது மூன்று மான், ஐந்து ஆயிரம். ஆங்கிலத்தில் மாற்றி யோசித்தால் குழம்பும். நமக்கு லட்சமும் கோடியும் பழக்கமாச்சே! பத்து மான் ஒரு லட்சம், ஆயிரம் மான் ஒரு கோடி. விலைச்சீட்டில் கடைசி நான்கு இலக்கங்களை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் தெரிவதுதான் மான்.