சத்திரசிகிச்சைக் கூடத்தின் உண்மையான கொள்ளளவைக் கணக்கிடுவது எப்படி?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் இன்னுமொரு சத்திரசிகிச்சைக் கூடம் வேண்டும் என்ற கோரிக்கை எழும்போது, அது பெரும்பாலும் நியாயமானதாகவே இருக்கும். ஆயினும் இருக்கின்ற கூடம் ஒரு நாளில் எத்தனை நிமிடம் நோயாளருக்குப் பயன்படுகிறது என்ற கணக்கு கையில் இல்லாமல் கேட்டால், புதிய கட்டடம் எழும்பிய பின்னரும் காத்திருப்போர் பட்டியல் குறையாமற் போகக்கூடும். மேசை, மயக்கமருந்து வைத்தியர், தாதியர், கருவித் தொகுதிகள், மயக்கம் தெளியும்வரை நோயாளரை வைத்திருக்கும் மீட்பு அறையின் கட்டில், விடுதிக் கட்டில் ஆகியவற்றுள் எது மிகக் குறைவாக உள்ளதோ, கூடத்தின் கொள்ளளவும் அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்கும் முறையைப் பொறுப்புத் தாதி உத்தியோகத்தர்களையும் வைத்தியசாலை நிருவாகிகளையும் மனதிற்கொண்டு இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை நேரத்தைப் பதிவதாகும். நோயாளர் கூடத்தினுள் வந்த நேரம், மயக்கமருந்து தொடங்கிய நேரம், கத்தி வைத்த நேரம், தையல் முடிந்த நேரம், நோயாளர் வெளியே சென்ற நேரம் ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் பதிவேட்டில் எழுத வேண்டும். எல்லோரும் கூடத்தின் சுவரிலுள்ள ஒரே மணிக்கூட்டைப் பார்த்தே எழுத வேண்டும். ஒருவர் கைக்கடிகாரத்தையும் மற்றவர் கைத்தொலைபேசியையும் பார்த்தால் ஐந்து நிமிட வித்தியாசங்கள் கணக்கையே கெடுத்துவிடும். மாலையில் நினைவிலிருந்து நிரப்பிய பதிவேட்டில் நேரங்கள் எல்லாம் பூச்சியத்திலும் ஐந்திலும் முடிவதைக் காணலாம். அத்தகைய பக்கத்தை வைத்துக் கணக்கிடாதிருப்பதே நல்லது.

ஒரு மாதப் பதிவு சேர்ந்ததும் ஒரு நாளை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை 480 நிமிடங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். முதல் நோயாளர் 8.45 மணிக்கு உள்ளே வருகிறார். ஐந்து சிகிச்சைகள் முறையே 70, 50, 65, 45, 60 நிமிடங்கள் எடுக்கின்றன, மொத்தம் 290. இடைவெளிகள் நான்கும் தலா 30 நிமிடம், அதாவது 120. கடைசி நோயாளர் 3.35 மணிக்கு வெளியேறுகிறார். நாள் முழுவதும் எல்லோரும் ஓய்வின்றி உழைத்திருப்பார்கள். ஆனால் நோயாளர் கூடத்தினுள் இருந்த நேரம் 480 நிமிடங்களில் சுமார் 60 சதவீதமே. முதல் நோயாளர் 8.10 மணிக்கு உள்ளே வந்து, ஒவ்வோர் இடைவெளியும் 20 நிமிடமாகக் குறைந்திருந்தால் ஐந்தாவது சிகிச்சை 2.20 மணிக்கே முடிந்திருக்கும். அதன்பின் 70 நிமிடம் எடுக்கும் ஒரு ஹேர்னியா சிகிச்சையையும் செய்து 3.50 மணிக்கு முடித்திருக்கலாம். ஒரு செங்கல்லும் வைக்காமல் நாளொன்றுக்கு ஒரு நோயாளருக்கு இடம் கிடைக்கிறது.

முதல் சிகிச்சை ஏன் பிந்துகிறது என்பதைத் தனியாக ஆராய வேண்டும், ஏனெனில் காலையில் இழக்கும் நிமிடங்கள் அன்றைய கடைசி நோயாளரின் மேல்தான் விழுகின்றன. நாள் முழுவதும் பட்டினி கிடந்தவரிடம் மாலை மூன்று மணிக்கு 'இன்றைக்கு இல்லை' என்று சொல்ல நேர்கிறது. விடுதியில் கையெழுத்திடப்படாத சம்மதப் படிவம், வந்து சேராத இரத்தப் பரிசோதனை முடிவு, தள்ளுவண்டிக்கு ஆளில்லாமை, தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் உறுதியாகாமை என்று காரணம் எதுவாயினும் அதைப் பதிவேட்டின் ஓரத்தில் ஒரே சொல்லில் எழுதி வையுங்கள். எவரது பெயரையும் எழுத வேண்டாம். பெயர் எழுதப்பட்ட நாளிலிருந்து உண்மையான காரணங்கள் பதிவேட்டுக்கு வராமல் நின்றுவிடும்.

இடைவெளி நீள்வதற்கு மக்கள் முதலில் நினைப்பது துப்புரவு வேலையையே. என் அனுபவத்தில் கருவிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 134 பாகை செல்சியஸில் கிருமிநீக்கத்துக்குத் தேவையான நேரம் மூன்று நிமிடங்கள் அளவே என்றாலும், கழுவி, அடுக்கி, பொதிசெய்து, ஓட்டோகிளேவ் எனும் நீராவிக் கிருமிநீக்கியில் ஏற்றி, உலர்ந்து, ஆறி வரும்வரை ஒரு தொகுதி நீண்ட நேரம் பயன்பாட்டுக்கு வெளியே நிற்கும். வயிற்றறைச் சத்திரசிகிச்சைக்குரிய தொகுதிகள் இரண்டே இருந்தால், மூன்றாவது நோயாளர் அடுப்பில் சோறு வேகும்வரை பந்தியில் உட்கார்ந்திருப்பவரைப் போலக் காத்திருக்க வேண்டியதுதான். இவ்விடத்தில் இரண்டு தொகுதிகளை வாங்குவது ஒரு கூடம் கட்டுவதைவிட மிகவும் மலிவானது. ஆனால் எக்காரணங்கொண்டும் உலக சுகாதார நிறுவனம் 2008 இல் அறிமுகப்படுத்திய பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலிலிருந்து நிமிடங்களைப் பிடுங்கக் கூடாது. அதன் 19 அம்சங்களையும் சரிபார்க்கச் சில நிமிடங்களே செல்லும். அந்த நிமிடங்கள் நோயாளருக்குச் சொந்தமானவை.

இறுதி நேரத்தில் இரத்தாகும் சிகிச்சைகள் பற்றி நம் பிரதேசத்துக்கென்றே சில விடயங்கள் உள்ளன. முதலாவது, உண்ணாதிருத்தல் பற்றிய அறிவுறுத்தல். திட உணவுக்கு ஆறு மணித்தியாலம், தெளிந்த பானங்களுக்கு இரண்டு மணித்தியாலம் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வரையறை. பால் சேர்க்காத பிளேன்ரீ தெளிந்த பானத்தில் அடங்கும். பால் தேநீர் அடங்காது. 'வெறுந்தேநீர்தானே குடித்தேன்' என்று நோயாளர் சொல்லும்போது அதில் பால் இருந்ததா என்று கேட்காமலே பெயரை வெட்டிவிடுவதும், பால் தேநீர் குடித்தவர் அதை ஒரு பொருட்டாகக் கருதாமல் மறைப்பதும் ஒரே அறிவுறுத்தலின் குறைபாட்டினால் விளைபவை. மயக்கமருந்து வைத்தியர் ஒப்புக்கொண்ட வாசகத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுக் கிளினிக்கிலேயே கொடுத்து, முதல் நாள் மாலை தொலைபேசியில் நோயாளரின் மொழியிலேயே மீண்டும் சொல்ல வேண்டும். அந்த அழைப்பிலேயே நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளில் எதை எடுப்பது, எதை நிறுத்துவது என்பதையும் வைத்தியரின் குறிப்புப்படி தெரிவிக்கலாம்.

இரண்டாவது, காலநிலையும் நாட்காட்டியும். வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழையில் வாகரையிலிருந்தோ படுவான்கரையிலிருந்தோ அதிகாலையில் புறப்பட்டு வருவது நிச்சயமற்றது என்பதால், கார்த்திகை முதல் தை வரை தூரத்து நோயாளரை முதல் நாளே அனுமதித்து, கிட்டிய ஊரவரை அன்று காலை அழைக்கலாம். பெரும்போக அறுவடை நாட்களிலும் றமழான் மாதத்திலும் அவசரமற்ற சிகிச்சையைப் பிற்போட விரும்புவோர் இருப்பார்கள். திகதி கொடுக்கும்போதே இதைக் கேட்டுவிட்டால் வெற்றிடத்தை இன்னொருவருக்கு வழங்கலாம்.

அவசர நோயாளருக்கென்று நேரம் ஒதுக்காத பட்டியல் காகிதத்தில் மட்டுமே அழகாக இருக்கும். ஒரே மேசையில் அவசர சீசேரியனும் திட்டமிட்ட சிகிச்சையும் நடைபெறும் வைத்தியசாலையில் நூறு சதவீதப் பயன்பாட்டை இலக்காக வைப்பது ஆபத்தானது. மிக அவசரமான சீசேரியனில் தீர்மானம் எடுத்து 30 நிமிடங்களுக்குள் குழந்தை பிறக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். கடந்த மாதங்களின் பதிவிலிருந்து பகல்வேளை அவசரங்கள் சராசரியாக எத்தனை நிமிடம் எடுத்தன என்று பார்த்து, அவ்வளவையாவது வெறுமையாக விடுங்கள். அவசரங்களும் வரும் இத்தகைய மேசையில், திட்டமிட்ட பட்டியல் இடைவெளி நேரத்தையும் சேர்த்து 80 சதவீதமளவில் நிரம்பினால் அது நல்ல நிலை. அதற்கு மேல் ஏற ஏற மேலதிக நேரமும் இரத்தும் பெருகும்.

மீட்பு அறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாற் போதும்: ஒரு கூடத்துக்கு இரண்டு கட்டில்கள் என்பது பாதுகாப்பான தொடக்கம். அங்கே இடமில்லாவிடின் சிகிச்சை முடிந்தவர் மேசையிலேயே காத்திருப்பார், மேசையும் காத்திருக்கும்.

இவற்றையெல்லாம் திருத்திய பின்னும் பட்டியல் குறையவில்லையென்றால் புதிய கூடத்துக்கான கோரிக்கை வலுவானது. லான்செட் மருத்துவச் சஞ்சிகை அமைத்த, உலகளாவிய சத்திரசிகிச்சை பற்றிய ஆணைக்குழு 2015 இல் இலட்சம் மக்களுக்கு ஆண்டுக்கு 5,000 சிகிச்சைகள் என்ற இலக்கை முன்வைத்தது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி 5 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த மட்டக்களப்பு மாவட்டத்துக்கு இது 25,000க்கு மேலாகவும், 6 இலட்சத்தைத் தாண்டிய அம்பாறைக்கு 30,000க்கு மேலாகவும் வரும். மாவட்டத்தின் எல்லா வைத்தியசாலைகளிலும் ஓராண்டில் நடந்த சிகிச்சைகளைக் கூட்டி இந்த எண்ணுக்கு அருகில் வையுங்கள். கோரிக்கைக் கடிதத்துடன் மூன்று மாத நேரப் பதிவு, இரத்தான சிகிச்சைகளின் காரணப் பட்டியல், புதிய மேசைக்குத் தேவையான மயக்கமருந்து வைத்தியர், தாதியர், சுகாதார உதவியாளர் பதவிகளின் எண்ணிக்கை, கருவித் தொகுதிகளின் விபரம் ஆகியவற்றை இணைத்து, ஆளணிக் கோரிக்கையையும் கட்டடக் கோரிக்கையையும் ஒரே நாளில் அனுப்புங்கள்.