நாயக்கர் மகாலைப் பத்துத் தூணிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

மதுரைக்கு வந்து திருமலை நாயக்கர் மகாலுக்குப் போகிறவர்களில் நிறையப் பேர் ஆட்டோவில் நேராக வாசலில் இறங்கி, தூண்களோடு நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்க்காதீர்கள். இன்று நிற்பது பழைய அரண்மனையில் ஏறத்தாழ கால் பங்குதான்.

மீனாட்சி கோயிலின் கிழக்குக் கோபுரத்திலிருந்து நடந்தே வாருங்கள். விளக்குத்தூண் பக்கம் வந்ததும் பத்துத் தூண் சந்து எங்கே என்று கேளுங்கள், யாரும் காட்டுவார்கள். ஜவுளிக் கடைகளுக்கு நடுவே, மேலே கூரையில்லாமல் பத்துக் கல் தூண்கள் வரிசையாக நிற்கும். அதுவும் அரண்மனைதான். அங்கே அண்ணாந்து பார்த்துவிட்டு மகாலுக்கு நடந்தால், திருமலை நாயக்கர் 1636-ல் கட்டி முடித்தது எவ்வளவு பெரிய வளாகம் என்பது காலுக்கே தெரியும். பக்கத்தில் நவபத்கானா தெரு என்று ஒன்று இருக்கிறது. அரண்மனை வாத்தியங்கள் முழங்கிய இடத்தின் பெயர் அது.

மகாலுக்குள் போனதும் முற்றத்திலேயே நின்றுவிடாமல் சொர்க்க விலாசம் என்ற அரசவை மண்டபத்துக்குப் போய் நடுக் குவிமாடத்தின் கீழே நில்லுங்கள். செங்கல்லும் சுண்ணாம்பும்தான், தாங்குவதற்கு இரும்பு உத்தரம் கிடையாது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணச்சாந்துப் பூச்சின் வழவழப்பைக் கண்ணால் பார்த்தால் போதும், கை வைக்க வேண்டாம். அந்தத் தூண்களில் பெயர் கிறுக்கியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, மீதி எங்கே போனது? பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து நிறையப் பொருட்களைப் பெயர்த்துக்கொண்டு போனார். அப்புறம் நெடுங்காலம் பராமரிப்பில்லாமல் இடிந்து கிடந்ததை, 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க வைத்தார். பிறகு 1970 வரை இங்கே நீதிமன்றங்கள் நடந்தன. வாதியும் பிரதிவாதியும் வாய்தாவுக்காகக் காத்துக் கிடந்த இடத்தில்தான் நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு நடக்கிறோம்.

நாடக சாலையையும் அங்குள்ள அருங்காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள். மாலையில் ஒலி ஒளிக் காட்சி உண்டா என்று கவுண்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் வண்டியூர் தெப்பக்குளத்துக்கு ஒரு பஸ் பிடியுங்கள். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் வெட்டிய பள்ளமே குளமானது என்றும், அப்போது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவர்தான் மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்றும் ஊரில் சொல்வார்கள்.