மழைல அருவிக்கு நடக்கறப்ப கூட்டமா பண்ற தப்புங்க

ஆனி ஆடில தென்மேற்குக் காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்க ஆரம்பிச்சா போதும், பொள்ளாச்சி கோயமுத்தூர்ல இருக்கற வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் "காட்டுக்குள்ள ஒரு நடை போலாமா"ன்னு மெசேஜ் வந்துரும். போங்க, நான் வேண்டாம்னு சொல்லல, மழைல சோலைக்காடு நெம்ப அழகுங்க. ஆனா பத்து பேரா போறப்ப ஒவ்வொருத்தரும் அடுத்தவன் பாத்துக்குவான்னு விட்டுடறாங்க பாருங்க, பாதி வம்பு அதுலதான் வருது.

மொத தப்பு, நம்ம தலைமேல மழை இல்லைன்னா பயமில்லைன்னு நெனைக்கறது. திருமூர்த்தி மலைல கீழ அமணலிங்கேஸ்வரர் கோயில்கிட்ட வெயிலடிச்சிட்டு இருக்கும், மேல குழிப்பட்டி குருமலைப் பக்கம் பேஞ்ச மழை பஞ்சலிங்க அருவில திடீர்னு எறங்கி கோயிலையே சுத்திக்கும், உடுமலைக்காரங்களுக்கு இது புதுசில்ல. அதனால தண்ணி தெளிவா இருந்தது செம்மண் நெறத்துக்கு மாறுனாலோ, எலை சுள்ளி எல்லாம் மெதந்து வந்தாலோ, சத்தம் கனத்தாலோ செல்ஃபிய அப்படியே விட்டுப்போட்டு மேட்டுக்கு ஏறிருங்க. அருவிக்கு நேர் அடில நிக்கறதும் வேண்டாம், வெள்ளத்துல தண்ணியோட கல்லும் கட்டையும் சேந்துதான் விழுகும்.

அடுத்தது பள்ளம், அதாவது காட்டு ஓடை, தாண்டறது. முழங்கால் அளவு தானேன்னு எறங்குவாங்க, வேகமா ஓடற தண்ணிக்கு அந்த அளவே ஆளைச் சாய்க்கப் போதும், அடில பாசி புடிச்ச கல்லு வேற. இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு எறங்கறது இன்னும் மோசம், வழுக்கினா கயிறே ஆளைத் தண்ணிக்குள்ள அமுத்திப்போடும். தண்ணி கம்மியா இருக்கற எடத்துல தாண்டறதா இருந்தாலும் பேக்கோட பெல்ட்ட கழட்டி விட்டுட்டுத்தான் தாண்டணும், விழுந்தா பேக்க உதறிட்டு எந்திரிக்கலாம்.

நடக்கறப்ப தெம்பா இருக்கறவன் முன்னால ஓடிருவான், முட்டி வலிக்காரர் கடைசில தனியா வருவார், மழை இரைச்சல்ல கூப்பிட்டாலும் கேக்காது. வழி தெரிஞ்சவர் ஒருத்தர் முன்ன, அனுபவசாலி ஒருத்தர் கட்டக்கடைசில, ஒவ்வொரு திருப்பத்துலயும் தலை எண்ணணும். வேகத்த யாரு வெக்கணும்னா மெதுவா நடக்கறவருதான். அதே இரைச்சல்ல யானை கிட்டக்க நின்னாலும் தெரியாதுங்க, ஸ்பீக்கர்ல பாட்டு வெச்சுக்கிட்டு போனா கேக்கவே வேண்டாம்.

ஜீன்ஸ் போடாதீங்க, நனைஞ்சா கல்லு மாதிரி கனக்கும், தொடை உரசிப் புண்ணாயிடும். ரெயின்கோட் இருந்தா நல்லது, எங்க அப்பிச்சி காலத்துல சாக்க மடிச்சு கொங்காடை போட்டுக்கிட்டே காடு சுத்துனாங்க, ஆனா குடை மட்டும் வேண்டாம், ஒரு கை அதுக்கே போயிரும். அட்டை கடிச்சா புடுங்கி எறியாம நகத்தால ஓரத்துல நெம்புங்க. அது விட்டப்புறமும் ரத்தம் கொஞ்ச நேரம் நிக்காது, அட்டையோட எச்சில் ரத்தத்த உறைய விடாது, அதுக்காகப் பதறவேண்டாம்.

அனுமதி இல்லாம எஸ்டேட் வழியா குறுக்கால பூந்து போறதும் நடக்குது. ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள்ள அது சட்டப்படி குத்தம், மாட்டிக்கிட்டா தேடறவங்களுக்கு நீங்க எங்க இருக்கீங்கன்னே தெரியாது. 2024 அக்டோபர்ல வனத்துறை 40 மலையேற்றப் பாதைய ஆன்லைன் புக்கிங்கோட தொறந்துச்சு, அதுல போனா வழிகாட்டி கூடவே வருவார். மழை அதிகமாகி பாதைய மூடிட்டாங்கன்னா "இவ்ளோ தூரம் வந்துட்டமே"ன்னு கேட்ல நின்னு சண்டை போடாதீங்க.

நேரம் மட்டும் கறாரா இருங்க. மப்பும் பனிமூட்டமும் சேந்தா சோலைக்குள்ள நாலு மணிக்கே இருட்டு கட்டிரும். ஒரு தடவ நாங்க எட்டு பேர், காலைல கணுக்கால் நனையத் தாண்டுன பள்ளம் மத்தியானம் திரும்பறப்ப இடுப்பளவு ஓடுது, ரெண்டு பசங்க தாண்டியே தீருவேன்னு நிக்கறாங்க. கூட வந்த பெரியவர் ஒருத்தர் "உக்காருங்க கண்ணு, மலைத்தண்ணி வந்த வேகத்துல வடியும்"னு சொல்லிப்போட்டு கடலை மிட்டாயப் பிரிச்சு ஆளுக்கு ஒண்ணு குடுத்தாரு. நடுங்கிக்கிட்டே ரெண்டரை மணி நேரம் உக்காந்திருந்தோம், அப்புறம் முழங்காலுக்குக் கீழ வடிஞ்சுது, கைய கோத்துக்கிட்டு ஒரேடியா தாண்டி வந்துட்டோம்.