இடம் இல்லையா, சாவி இல்லையா? ஆலயக் கட்டடத்தில் சபைகள் செய்யும் தவறுகள்

எங்கள் சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் மாடிப்படியில் படிக்கு ஒருவராக உட்கார்ந்து வசனம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த ஒரு பெரியவருக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் "பின்னால ஒரு ஹால் எழுப்பிடலாம்" என்று பேச்சு எடுத்தார். எஞ்ஜினியர் வந்து அளந்தார், மதிப்பீடும் வந்துவிட்டது. நடுவில் ஒரு புதன்கிழமை ஞானஸ்நான சர்டிஃபிகேட்டுக்காக நான் போயிருந்தேன். ஆலயம், பழைய ஹால், மாடி அறை மூன்றும் பூட்டிக் கிடந்தன. மாடி அறைச் சாவி பாடகர் குழுவில் ஒருவரிடமாம். அவர் நகரத்தின் கோடியில் உள்ள ஒயிட்ஃபீல்டில் வேலையில் இருந்தார். பிறகொரு நாள் திறந்து பார்த்தால் உள்ளே கிறிஸ்துமஸ் குடிலின் வைக்கோல், காலொடிந்த பெஞ்சுகள், பாடாத ஓர் ஆர்மோனியம், இருபது வருடத்து விடுமுறை வேதாகமப் பள்ளி சார்ட்டுகள். பிள்ளைகள் உட்கார்ந்திருந்தது அந்த அறைக்கு ஏறும் படியில்தான்.

பெங்களூரில் ஃப்ரேசர் டவுன், காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம் பக்கம் இருக்கும் தமிழ்ச் சபையார் பலருக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. சதுர அடி விலை ஏறிக் கிடக்கும் ஊரில் நம்மிடம் இருக்கும் இடத்தை நாமே பூட்டி வைத்துக்கொண்டு இடம் போதவில்லை என்கிறோம்.

ஆகவே முதல் தவறு, மணிக்கணக்கு பார்க்காமல் செங்கல் கணக்கு பார்ப்பது. வாரத்துக்கு 168 மணி நேரம். ஞாயிறு இரண்டு ஆராதனை, வெள்ளி உபவாச ஜெபம், சனி பாட்டுப் பயிற்சி, பெண்கள் ஐக்கியம் எல்லாம் சேர்த்தாலும் எங்கள் ஆலயம் திறந்திருந்தது பன்னிரண்டு மணி நேரம்கூட இல்லை. நெருக்கடி முழுவதும் ஞாயிறு காலை எட்டிலிருந்து பதினொன்று வரைதான். புது ஹால் கட்டினாலும் அதே மூன்று மணி நேரத்துக்குத்தான் நிறையும், மற்ற நாளெல்லாம் அதையும் பெருக்கித் துடைக்க ஆள் தேட வேண்டும். ஒரு பெரிய தாளில் ஏழு நாளையும் கட்டம் போட்டு, எந்த அறை எப்போது யாரிடம் இருக்கிறது என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். வகுப்பை ஒன்பதரைக்குத் தள்ளினால் போதும் என்று சில நேரம் அந்தத் தாளே சொல்லிவிடும்.

காலி மணிகளில் என்ன செய்யலாம் என்பதைக் கமிட்டி மேசையில் உட்கார்ந்து யோசிக்காமல் தெருவில் விசாரிப்பது நல்லது. ஒற்றை அறை வீடுகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் படிக்க மூலை கிடையாது. மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை விளக்கும் மேசையும் இருந்தால் போதும். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கும் நம் பிள்ளைகள் பாமாலைப் பாட்டுகளை ஆங்கில எழுத்தில் வைத்துப் பாடுகிறார்கள். அவர்களுக்குச் சனிக்கிழமை தமிழ் எழுத்து வகுப்பு. நாகர்கோவிலிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வேலைக்கு வந்து பி.ஜி.யில் தங்கும் இளைஞர்களுக்கு வாரநாள் மாலையில் போக ஓர் இடம். இதில் எதற்கும் புதுச் சுவர் தேவையில்லை.

அடுத்தது தட்டுமுட்டுச் சாமான். காணிக்கையாக வந்த பொருளைத் தூக்கிப் போட யாருக்கும் தைரியம் வராது. அதனால் நல்ல அறை ஒன்று மெல்ல மெல்ல கிடங்காகிவிடும். ஒவ்வொரு பொருளிலும் தேதி ஒட்டி, இரண்டு கிறிஸ்துமஸுக்குள் கை படாததை வேறு சபைக்கோ காயலான் கடைக்கோ அனுப்புவது என்று தீர்மானமாக எழுதிவிட்டால் தனி ஆளின் மேல் பழி விழாது.

*பங்கிட்டுக்கொள்வதில் வரும் தகராறு*

சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தைப் பாருங்கள். 1882இல் அர்ச்சிக்கப்பட்ட கட்டடம். தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் திருப்பலி நடக்கிறது. ஒரே கூரையை நேரம் பிரித்து ஆள்வது இந்த ஊருக்குப் பழக்கமான விஷயம். ஆலயம் இல்லாத நாகா, மிசோ, தெலுங்கு ஐக்கியங்கள் இங்கே பிற்பகலில் வேறு சபைகளின் கட்டடத்தில் கூடுவதும் உண்டு.

இதில் தவறு செய்வது மனசு அல்ல, பெரும்பாலும் கடிகாரம்தான். ஒரு ஆராதனை முடிந்து பதினைந்து நிமிடத்தில் அடுத்தது என்று போட்டால், வெளியே வரும் ஸ்கூட்டரும் உள்ளே வரும் காரும் கேட்டில் முட்டிக்கொள்ளும். அந்தக் கோபம் மொழிச் சண்டையாக வெளியே வரும். முக்கால் மணி இடைவெளி விடுங்கள். யார் பூட்டுவது, மின்கட்டணத்தில் யார் பங்கு எவ்வளவு, ஒலி மிக்சரின் அளவுகளைத் தொடலாமா, அவர்கள் பாட்டுப்புத்தகம் வைக்க அலமாரி எங்கே, இவ்வளவையும் முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். "நம்ம ஆளுங்கதானே" என்று வாய்வார்த்தையில் விட்டது ஒவ்வொன்றும் இரண்டாவது வருடம் வழக்காக வந்து நிற்கும். கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சொத்து சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருப்பது. சபைக் கமிட்டி தன் போக்கில் குத்தகை எழுதித் தர முடியாது.

வாடகைக்கு விடுவதில் எண்கள் தெரியாமல் இறங்குவது இன்னொரு வகை. பதிவு பெற்ற சமய அறக்கட்டளை தன் ஆலய வளாகத்தை வாடகைக்கு விட்டால் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, ஆனால் அதற்கு வரம்பும் உண்டு. தங்கும் அறை நாளுக்கு 1,000 ரூபாய்க்குக் கீழ், ஹால் அல்லது திறந்தவெளி நாளுக்கு 10,000 ரூபாய்க்குக் கீழ், கடை மாதத்துக்கு 10,000 ரூபாய்க்குக் கீழ் இருக்க வேண்டும். ரவுண்டாக இருக்கட்டும் என்று ஹாலுக்குச் சரியாகப் பத்தாயிரம் வைப்பவர்கள் அந்த ஒரு ரூபாயில் விலக்கை இழக்கிறார்கள். வழிபாட்டுக்கு உள்ள சொத்துவரிச் சலுகை வாடகைக்கு விட்ட பகுதிக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொள்வதும் ஆபத்து. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் சனிக்கிழமை. ஹாலுக்கு நல்ல வாடகை தருவது வரவேற்பு நிகழ்ச்சிகள், அவை வருவதோ சனிக்கிழமை மாலையில். ஒரு வருடம் போனால் பாடகர் குழு பயிற்சிக்கு இடமில்லாமல் குருமனை வராந்தாவில் நிற்கும். ஆகவே எந்தெந்த மணிகளை விற்பதே இல்லை என்பதை முதலில் குறித்துவிட்டு, மிச்சத்துக்கு விலை போடுங்கள். இரவு பத்துக்கு மேல் மூடிய ஹாலுக்கு வெளியே ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி, டி.ஜே.காரர் மறந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் மறக்கமாட்டார்.

*கட்டடத்தின் மேல் கை வைக்கும் முன்*

பிரிட்டிஷ் ராணுவக் கன்டோன்மென்ட் காலத்து ஆலயங்கள் சுண்ணாம்புக் காரையில் எழுந்தவை. ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுவது அந்தச் சுவரின் சுபாவம். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, மேல்பூச்சு தகடு தகடாகப் பெயர்ந்து வரும். மூலையில் ஓர் அறை தடுக்கிறோம் என்று அந்தச் சுவரில் சிமென்ட்டை அப்பிய இடம் எங்களிடமும் உண்டு. இரண்டு மழைக்காலம்தான் தாங்கியது.

எதிரொலியும் இப்படித்தான். உயர்ந்த கூரை, கல் தரை, வெறும் சுவர். பிரசங்கம் புரியவில்லை என்றால் உடனே பெரிய ஸ்பீக்கர் வாங்குகிறோம். சத்தம் கூடக் கூட சுவரில் பட்டுத் திரும்புவதும் கூடும், வார்த்தை இன்னும் குழையும். முன்வரிசையிலிருந்து கடைசி வரை சிறு ஸ்பீக்கர்களைப் பிரித்து வைத்துக் குறைந்த சத்தத்தில் ஓட்டி, பின்சுவரில் கனத்த திரை தொங்கவிட்டுப் பாருங்கள். வாரநாளில் பத்துப் பேர் கூடும் ஜெபத்தைப் பெரிய ஆலயத்துக்குள் வைத்தால் இந்த எதிரொலி இன்னும் மோசம், ஏனென்றால் சத்தத்தை உறிஞ்சும் கூட்டமே அங்கே இல்லை.

பெஞ்சை எடுத்துவிட்டு நாற்காலி போட்டால் அதிகம் பேர் உட்காரலாம் என்பதும் தப்புக் கணக்கு. பெஞ்சில் ஆளுக்கு 45 செ.மீ. போதும், பண்டிகை நாளில் இன்னும் நெருங்கி உட்காருவார்கள். பிளாஸ்டிக் நாற்காலி ஒவ்வொன்றும் அதைவிட அதிகமாக அகலம் கேட்கும். நாற்காலியின் லாபம், இடத்தை வேறு வேலைக்கு மாற்றலாம் என்பது மட்டும்தான். கடைசி நான்கு பெஞ்சை மூன்று மாதம் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

சக்கர நாற்காலிக்கு ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு ரேம்ப் ஆயிற்று என்பவர்கள் சரிவு 1:12 என்ற அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாசற்படி 45 செ.மீ. உயரமென்றால் ரேம்பின் நீளம் 5.4 மீட்டர். அதற்கு இடம் முன்வாசலில் இல்லாவிட்டால் பக்கவாசலில் இருக்கும்.

கூரையையும் இடக்கணக்கில் சேருங்கள். பெங்களூரில் வருடத்துக்கு ஏறக்குறைய 970 மி.மீ. மழை. 400 சதுர மீட்டர் கூரையில் வழிந்ததில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலும் மூன்று லட்சம் லிட்டர். 2024 கோடையில் டேங்கருக்குக் காத்திருந்த சபைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 60க்கு 40 அடி மனைக்கும் அதற்கு மேலும் மழைநீர் சேகரிப்பு 2009 முதலே கட்டாயம் வேறு.

எங்கள் மாடி அறையைக் காலி செய்ய இரண்டு சனிக்கிழமை ஆனது. இப்போது சாவிகள் எல்லாம் ஆபீஸ் சுவரில் ஒரே பலகையில் தொங்குகின்றன. எடுப்பவர் நோட்டில் பெயரும் நேரமும் எழுத வேண்டும். பிள்ளைகள் படியிலிருந்து அறைக்குள் போய்விட்டார்கள். ஆர்மோனியம் மட்டும் இன்னும் ஒரு மூலையில் இருக்கிறது. அதைக் கொடுத்த குடும்பம் முன்வரிசையில் உட்காருகிறது.